திரும்பி வந்த இமெயில்

(வத்தலக்குண்டில் நடந்த குழுப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்க குழுவுக்கு நடந்ததை முதலில் சொல்லிடுறேன். மதுரையில் ஒரு நிறுவனம் 500 துணிப்பை கேட்டாங்க. விலைப்பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் இமெயிலில் அனுப்பச் சொன்னாங்க. நாங்க புதன்கிழமையே அனுப்பிட்டோம். திங்கட்கிழமை போன் போட்டால், "உங்க பட்டியல் வரவே இல்லையே, வேற குழுவுக்குக் கொடுத்தாச்சே" என்றார்கள். மெயிலைத் திறந்து பார்த்தேன். நாங்க அனுப்பின கொஞ்ச நேரத்திலேயே இங்கிலீஷில் ஒரு பதில் வந்து கிடந்தது. விளம்பரம்னு நெனச்சு நான்தான் படிக்காம விட்டிருக்கேன். பன்னிரண்டு பேரோட தையல் கூலி போச்சு.

தபால்காரர் கவரைத் திருப்பிக் கொண்டு வரும்போது, "விலாசதாரர் இல்லை" என்று அதன் மேலேயே எழுதியிருக்கும் இல்லையா? இமெயிலும் அப்படித்தான். "மெயிலர் டீமன்" அல்லது "மெயில் டெலிவரி சப்சிஸ்டம்" என்ற பெயரில் கடிதம் வந்தால், நாம அனுப்பினதில் ஏதோ சிக்கல் என்று அர்த்தம். காரணமும் அதிலேயே இருக்கும். இங்கிலீஷ் தெரியலையா? அதில் உள்ள எண்ணைப் பாருங்க. 4-ல் ஆரம்பித்தால் தற்காலிகத் தடை. கம்ப்யூட்டரே சில நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். 5-ல் ஆரம்பித்தால் அந்தக் கடிதம் போகாது; தவறைத் திருத்தி நாமதான் மறுபடி அனுப்பணும்.

5.1.1 என்றிருந்தால் பெரும்பாலும் விலாசம் தப்பு. எங்களுக்கு வந்தது அதுதான். புள்ளிக்குப் பதில் கமா, நடுவில் ஒரு இடைவெளி, 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் – இதில் எது இருந்தாலும் போகாது. ஒவ்வொரு எழுத்தா போனில் சொல்லச் சொல்லி சரிபார்க்கணும்.

5.2.2 என்றால் வாங்குறவங்க பெட்டி நிறைந்துபோச்சு. நம்ம பெட்டியும் நிறையலாம். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. மெயில், போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அது. குழு போட்டோக்களாலேயே நிறைந்துபோனால், நமக்கு வர வேண்டிய ஆர்டரும் திரும்பிப் போகும். வேண்டாததை அழித்து, குப்பைப் பெட்டியையும் காலி செய்யணும்.

5.3.4 என்றால் கடிதம் ரொம்பப் பெரிசு. ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பி வரைதான் போகும். படங்களைச் சின்னதாக்கி, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து அனுப்பலாம்.

கடிதம் திரும்பி வரலை, ஆனால் அவங்களுக்கும் கிடைக்கலைன்னா? 'ஸ்பேம்' பெட்டியில் பார்க்கச் சொல்லுங்க. ஜிமெயிலில் 30 நாளில் அது தானாக அழிந்துவிடும். நம்ம போனில் 'அவுட்பாக்ஸ்' பெட்டியையும் பாருங்க; சிக்னல் இல்லாமல் அங்கேயே நின்றிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "உங்க மெயில் போகலை, இங்கே அமுக்கி பாஸ்வேர்டு கொடுங்க" என்று வந்தால் அது ஏமாற்று வேலை. கொடுக்காதீங்க. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

இதெல்லாம் படிச்சவங்க வேலை என்று ஒதுங்க வேண்டாம். மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001-லேயே இணைய மையங்கள் வந்தன. அங்கிருந்து கண்ணைப் படம் எடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இமெயிலில் அனுப்பி ஆலோசனை கேட்டிருக்காங்க. கிராமத்து ஜனங்களுக்கு அன்னைக்கே பயன்பட்டது, இன்னைக்கு நமக்குப் பயன்படாதா?

இப்போ எங்க குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கோம். மெயில் அனுப்பினதும் ஐந்து நிமிசம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். அப்புறம் அவங்களுக்குப் போன் போட்டு, "கிடைச்சுதா?" என்று கேட்டு, பதிவேட்டில் தேதியோடு எழுதிடுவோம். அனுப்பினால் மட்டும் போதாது, போய்ச் சேர்ந்ததான்னு தெரியணும். அடுத்த கூட்டத்தில் நீங்களும் உங்க குழு மெயிலைத் திறந்து பாருங்க. படிக்காத கடிதம் ஏதாவது கிடக்கலாம்.