தவ்பாத் தூண்

மதீனா மாநகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622ஆம் ஆண்டில் அடிகோலிய பள்ளிவாசல் மிக எளிமையானது. பேரீச்ச மரங்களே அதன் தூண்கள். பேரீச்ச ஓலையே கூரை. அத்தூண்களுள் ஒன்று பிற்காலத்தில் 'தவ்பாத் தூண்' எனப் பெயர் பெற்றது. தவ்பா என்பது பிழைக்கு வருந்தி இறைவன்பால் மீளுதல். அப்பெயர் வந்த வரலாற்றை இப்னு இஸ்ஹாக் உரைத்துள்ளார்.

627ஆம் ஆண்டில் முற்றுகைக்குள்ளான பனூ குறைழா குலத்தார், தம் பழைய நட்பினரான அபூ லுபாபாவின் ஆலோசனையை நாடினர். நாயகம் அவர்கள் அவரை அனுப்பிவைத்தார்கள். பெண்டிரும் சிறுவரும் அழுது நிற்கக் கண்டு அவர் மனம் இளகியது. சரணடையலாமா என அவர்கள் வினவ, ஆம் என்று கூறியவாறே கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். முடிவு மரணமே என்பது அதன் பொருள்.

நின்ற இடம் விட்டு அகலுமுன்னரே, நம்பி அனுப்பியவருக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று அவர் நெஞ்சம் இடித்துரைத்தது. குற்றஞ்சாட்டுவார் எவருமிலர். ஆயினும் அவர் நேரே பள்ளிவாசலுக்குச் சென்று, தூணொன்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டார். இறைவன் மன்னிக்கும்வரை அகலேன் என உறுதி பூண்டார். தொழுகை வேளைகளில் மட்டுமே கட்டு அவிழ்க்கப்பட்டது. நாட்கள் பல கழிந்தபின் மன்னிப்பு அருளப்பெற்றது. மக்கள் அவிழ்க்க விரைந்தனர், அவர் இசையவில்லை. வைகறைத் தொழுகைக்கு வந்த நாயகம் அவர்களே தம் திருக்கரத்தால் அவிழ்த்துவிட்டார்கள்.

அந்தப் பேரீச்ச மரம் இன்றில்லை. மூன்றாம் கலீபா உதுமான் (ரலி) அவர்கள் காலத்திலேயே கல்தூண்கள் எழுந்தன. எனினும் அவ்விடம் பேணப்பட்டு, அப்பெயர் தாங்கிய தூண் இன்றும் நிற்கின்றது. அதன் சிறப்பு மரத்துக்கோ கல்லுக்கோ உரியதன்று. பிறர் காணாத பிழையைத் தானே கண்டு வருந்திய உள்ளத்துக்கும், அவ்வருத்தத்தை ஏற்றருளிய கருணைக்கும் உரியது.