சுவரொட்டியைப் படிக்கக் கற்போம்

(வலியசாலையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவிலும் தம்பானூரிலும் நாம் நடக்கிற வழியெல்லாம் சினிமாச் சுவரொட்டி. மலையாளம் படிக்கத் தெரியாத நம் தாய்மார்கூட அதைப் பார்த்து, யார் நடித்த படம், சண்டைப் படமா அழுகைப் படமா என்று சொல்லிவிடுகிறார்கள். எழுத்தறியாதவருக்கும் விளங்க வேண்டும், ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும் என்றே அதை அமைக்கிறார்கள்.

அமைக்கும் முறையைப் பாருங்கள். கதாநாயகன் முகம் பெரிது, மற்றவர் முகம் சிறிது. யாரை நம்பிப் பணம் போட்டார்களோ அவர் முகமே பெரிதாகும். முகத்தில் சிவப்பு ஏறினால் கோபம். நீலம் படர்ந்தால் இரவு, பயம். 30-க்கு 40 அங்குலத் தாள். சுவர் பெரிதானால் பல தாளைச் சேர்த்து ஒட்டி ஒரே முகமாக்குவார்கள். படம் வருமுன் ‘விரைவில்’. வந்த அன்று ‘இன்று முதல்’. கூட்டம் குறையும்போது ‘வெற்றிகரமான 50-வது நாள்!’ எல்லாம் நம் கூலியில் ஒரு டிக்கெட் காசைக் கழற்றத்தான்.

இனி அதன் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். மலையாளப் படச் சுவரொட்டிகள் பலவும் நெடுங்காலம் சிவகாசியில் அச்சாகி வந்தவை. அச்சகத்தின் பெயர் உண்டு. அங்கே மை பூசி நின்றவன் பெயர் இல்லை. இரவில் ஏணியும் பசை வாளியும் சுமந்து ஒட்டியவன் பெயரும் இல்லை. கையால் பேனர் வரைந்த ஓவியர்கள் பிளெக்ஸ் வந்தபின் வேலை இழந்தார்கள். அவர்களுக்காக எந்தச் சுவரும் பேசவில்லை.

சுவரொட்டியின் பலம் சினிமாவோடு நிற்கவில்லை. 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனைக் கட்டிலில் இருந்த அவர் படம் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறியது. மேடை ஏறாமலே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்த வெற்றிக்கு அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் காரணங்கள்தாம். ஆனால் ஆயிரம் கூட்டம் பேசுவதை அந்த ஒரு படம் பேசிற்று.

அப்படியானால் நாம் நமக்காக என்ன ஒட்டினோம், தோழர்களே? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வரவேண்டும். நம்மில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? தெரியாமல்தானே மனு எழுதித் தருகிறவனுக்குக் காசு கொடுத்துவிட்டு, அவன் என்ன எழுதினான் என்று அறியாமல் கைநாட்டு வைக்கிறோம்! நடிகர் பிறந்தநாளுக்கு நம் பையன்கள் கூலியைச் சேர்த்துச் சுவரொட்டி அடிக்கிறார்கள். இந்த உரிமைக்கு ஒரு தாள்கூட அடித்ததில்லை.

இப்போது அடிப்போம். நடிகர் முகமும் வேண்டாம், தலைவர் முகமும் வேண்டாம். கையில் மனுவோடு நிற்கும் ஒரு தாயின் படம் போதும். பஸ்ஸிலிருந்து படிக்கும்படி ஒரே வரி: ‘தமிழில் எழுது, தமிழில் பதில் கேள்!’ கீழே சங்கத்தின் பெயர், அச்சகத்தின் பெயர். வரையத் தெரிந்த பிள்ளைகளை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். பசை காய்ச்ச வீட்டுக்கு ஒரு பிடி மைதா கொண்டு வாருங்கள்.