சிறு கடைக்கு ஒரு விலாசம்

(நம் ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற சிறுதொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சிறு வியாபாரிகளை இணையத்தில் இடம்பெறச் செய்வது எப்படி என்று பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் தூக்கம்தான் வரும். ஆகவே ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறோம்.

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியை அறியாதவர் நம்மில் இலர். ஆவணியில் விநாயகர், புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகை பிறந்தால் நம் குடிலுக்கு வேண்டிய பாலன் இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ஞானிகள், இடையர், ஆடு, மாடு என்று ஆண்டு முழுவதும் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் உருவங்கள் செய்கிற ஊர் அது. நம் வீட்டுக் குடில்களில் பலவற்றின் சுரூபங்கள் அந்த ஊர்க் கைகளால் ஆனவை. ஆயினும், அவற்றைச் செய்தவர் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொத்த வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறார். பொம்மை ஊர் ஊராகப் போகிறது, செய்தவருடைய விலாசம் அதோடு போவதில்லை. அடுத்த ஆண்டு உடைந்துபோன ஓர் ஒட்டகத்துக்கு மாற்று வேண்டுமென்றால் கூட, வாங்கியவர் நேரே கேட்க வழியில்லை. விலை சொல்லும் உரிமையும் அந்த விலாசத்தோடுதான் போய்விடுகிறது.

முன்பெல்லாம் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்து, வி.பி.பி. மூலம் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தவர்கள் உண்டு. அதே வேலைதான் இன்று கைப்பேசியில் நடக்கிறது. ஆனால் இதில் இறங்குகிற இளைஞர்கள் எடுத்தவுடன் பெரிய வலைத்தளம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதலில் கூகுள் வரைபடத்தில் கடை இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதல் இடத்தில் காட்ட இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், வைத்துவிடுங்கள்.

கடை உண்மையில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகத் தெரு, வாசல், பெயர்ப்பலகை, உள்ளே சரக்கு எல்லாம் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து அனுப்பும்படி இப்போது பெரும்பாலும் கேட்கிறார்கள். இங்கேதான் வேடிக்கை. வீட்டுத் திண்ணையில் தொழில் செய்கிறவருக்குப் பலகை ஏது? ஆகவே இணையத்துக்குப் போகிற முதல் படி, பெயிண்டரிடம் போவதுதான்! ஒரு தகரப் பலகை எழுதி மாட்டுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். பலகையில் ஒரு விதம், வரைபடத்தில் வேறு விதம் என்று இருந்தால் தேடுகிறவர் குழம்புவார். ஒரே எழுத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். தமிழிலும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018ல் வந்தது. சாதாரண வாட்ஸ்அப்பிலிருந்து இதற்கு உள்ள முக்கிய வேறுபாடு, பொருள்களைப் படம், விலை, குறிப்போடு வரிசையாக அடுக்கிவைக்கும் பட்டியல். அதைச் செய்து தருவது எளிது. குறிப்பு எழுதுவதுதான் கடினம். 'அழகிய கைவினைக் குடில் செட்' என்று எழுதுவதால் பயனில்லை. களிமண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? எத்தனை அங்குல உயரம்? எத்தனை உருவம்? தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? வாங்குகிறவர் கேட்கப்போவது இவைதான். தொழிலாளி சொல்வதைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

படம் எடுக்கப் போனபோது ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார்: "படம் புடிக்கிறீங்க, சரி தம்பி. இதைப் பார்த்து எவனாச்சும் அச்சு எடுத்துட்டா என்ன செய்வீக?" தடுக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னோம். சற்று யோசித்தவர், முன்பக்கம் மட்டும் எடுக்கச் சொன்னார். பின்பக்கத்து மடிப்பு வேலையைக் காட்ட ஒப்பவில்லை. அவர் செய்தது சரிதான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே அன்றி நாமல்ல.

இனி நாங்கள் சொல்லப் போவதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கணக்கை யார் பெயரில் திறக்கிறீர்கள்? மாசி வீதிப் பக்கம் ஒரு கடை. அண்ணன் மகன் ஆர்வத்தோடு எல்லாம் செய்து கொடுத்தான், தன் சொந்த எண்ணில், தன் சொந்த மின்னஞ்சலில். நல்ல பிள்ளை, குறை சொல்வதற்கில்லை. பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். இங்கே ரீசார்ஜ் செய்யாத எண் துண்டிக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் அந்த எண்ணுக்கே அழைத்து அழைத்து ஓய்ந்தார்கள். கடை திறந்துதான் இருந்தது. ஆனால் மூடிவிட்டதாக ஊரில் பேச்சு! கடவுச்சொல் கடல் கடந்து போன பின்னர் அதைத் திரும்பப் பெற அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே சிம் கடைக்காரர் பெயரில் இருக்கட்டும். மின்னஞ்சல் கடைக்கென்றே தனியாக இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டம்மா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கட்டும். கூகுள் பக்கத்தில் உரிமையாளர், மேலாளர் என்று இரு நிலை உண்டு. கடைக்காரர் உரிமையாளர், உதவுகிற நாம் மேலாளர். நாம் ஊரைவிட்டுப் போகும் நாளில் நம் பெயரை அவரே நீக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அடுத்தவர் இடத்தில் கடை விரித்தால், அவர் எழுந்திரு என்னும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும். டிக்டாக்கில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் 2020 ஜூன் இறுதியில் தடை வந்தபோது ஒரே நாளில் அத்தனை பேரையும் இழந்தார்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு வலைத்தளங்களை 2024 மார்ச்சில் அந்நிறுவனமே மூடிவிட்டது. எனவே வாங்கியவர் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை, அவர் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தச் செயலி போனாலும் அந்த நோட்டு இருக்கும்.

ஆர்டர் வந்த பிறகு உள்ள பாட்டை யாரும் சொல்வதில்லை. மண் பொம்மை உடையும். அதனால் பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடையில் வைக்கோலோ காகிதமோ திணிக்க வேண்டும். பெட்டி பெரிதாகிவிடும். கூரியர்காரர்களில் பெரும்பாலோர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். 45, 40, 30 அளவுள்ள பெட்டி என்றால் 10.8 கிலோ கணக்கு. உள்ளே இருக்கும் குடில் செட் 4 கிலோவாக இருந்தாலும் 10.8 கிலோவுக்குத்தான் காசு. இதைத் தெரியாமல் 'அனுப்பும் செலவு எங்களுடையது' என்று பட்டியலில் போட்டால், கூலியே கையை விட்டுப் போகும். தூரத்து ஊர்களுக்குக் காகிதக் கூழ் உருவங்களையும், பக்கத்து ஊர்களுக்கு மண் உருவங்களையும் ஒதுக்குவது நல்லது.

மழையையும் மறக்கலாகாது. கிறிஸ்துமஸ் கேட்பு வருவதும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஒன்றாகவே வருகின்றன. மண் காயாது. காயாததைச் சுட்டால் வெடிக்கும். இத்தனை செட்டுக்கு மேல் இந்த ஆண்டு இல்லை என்று ஓர் எண்ணை முன்கூட்டியே வைத்து, அது நிறைந்தவுடன் 'முடிந்தது' என்று போட்டுவிட வேண்டும். வருகிற ஆர்டரை மறுக்க மனம் வராதுதான். ஆனால் டிசம்பர் 26ல் போய்ச் சேருகிற குடிலை யார் வாங்குவார்?

வரி பற்றி இரண்டு வார்த்தை. பெரிய இணையச் சந்தைகளில் விற்க முன்பு எவ்வளவு சிறியவரும் ஜி.எஸ்.டி. பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள் தம் மாநிலத்துக்குள் பொருள் விற்பதற்கு அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. வெளிமாநிலம் என்றால் விதி வேறு, கைவினைப் பொருளுக்குச் சில சலுகையும் உண்டு. கணக்காளரைக் கேட்டுச் செய்யுங்கள். மோசடி பற்றியும் சொல்ல வேண்டும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுத்து, 'பணம் பெற இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கு மட்டுமே தேவை. ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் மாலைக்குள் வாடுகிற பூவைத் தெருமுனைப் பூக்கார அம்மா எங்கே அனுப்புவார்? அவருக்கு வேண்டியது சுற்றுத் தெருக்களின் எண்களும், கல்யாண ஆர்டரை முதல் நாளே சொல்லிவிடுகிற பழக்கமும்தான். ஜிகர்தண்டாக் கடைக்கு வரைபடம் போதும். சுங்குடிக்கோ நிலைமை நேர்மாறு. 2005லேயே குறியீடு பெற்ற புடவை அது. இன்று அச்சிட்ட துணியும் இணையத்தில் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கிறது. முடிச்சுப் போடும் விரல்களை அரை நிமிடக் காணொளியில் காட்டினால் வாங்குகிறவருக்கு வேறுபாடு விளங்கும்.

விழா முடிந்த பின், வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் அமர்ந்திருப்போம். உதவி வேண்டுவோர், எந்த மதத்தினராயினும், வரலாம். வரும்போது கடைக்காரரே வர வேண்டும், பிள்ளைகளை மட்டும் அனுப்ப வேண்டாம். அவர் பெயரிலுள்ள சிம் போட்ட கைப்பேசி, பலகை மாட்டிய கடை வாசலின் படம், ஒரு புது நோட்டு, இவை போதும். பலகை எழுதாதவர்கள் நாளைக்கே பெயிண்டரைப் பார்த்துவிடுங்கள்.