பஹாமாஸ் கடலில் மிக்கியின் கப்பல்

இன்று அட்லாண்டிக் கடலோரம் போவோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரிலிருந்து கிழக்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் போர்ட் கனாவெரல் துறைமுகம் வந்துவிடும். வடக்கே பார்த்தால் ராக்கெட் ஏவுதளங்கள், தெற்கே நீண்ட மணற்கரை. துறைமுகத்தில் கருநீல உடலும் சிவப்புப் புகைபோக்கிகளும் பக்கவாட்டில் வரிசையாக மஞ்சள் உயிர்காப்புப் படகுகளுமாக ஒரு கப்பல் நிற்கிறது. அதுதான் டிஸ்னி விஷ். உயிர்காப்புப் படகுக்கு ஆரஞ்சு நிறம் பூசுவதுதான் கடல் வழக்கம். ஆனால் மிக்கி மவுஸின் காலணி மஞ்சள். அதே மஞ்சளைப் பூச வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் தனி அனுமதி வாங்கினார்கள். கப்பலின் பின்புறம் ரபுன்செல் தன் நீளக் கூந்தலில் தொங்கியபடி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஊதுகுழல் ஒலித்தால் டிஸ்னி படப் பாட்டின் மெட்டு வருகிறது. கரையில் நிற்கிற குழந்தைகள் அதைக் கேட்டதும் குதிக்கின்றன.

படகின் நிறத்துக்கே இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள், ஏறுகிற பயணிக்கு எவ்வளவு மெனக்கெடுவார்கள்? அந்த எதிர்பார்ப்போடுதான் குடும்பங்கள் வந்து ஏறுகின்றன. இரண்டு மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதில் இருக்கும். தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி எல்லோருமாகப் போகலாம் என்று எடுத்த முடிவு இருக்கும். அதனால் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிறதா என்பதை நேராகவே பேசிவிடலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. தொடக்கத்தில் டிஸ்னிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. 1985 முதல் 1993 வரை பிரீமியர் என்ற வேறொரு நிறுவனத்தின் சிவப்புக் கப்பல்களில் டிஸ்னி பாத்திரங்கள் வேடமிட்டுப் பயணம் செய்தன. பிறகு இத்தாலியில் கட்டிய டிஸ்னி மேஜிக் 1998 ஜூலையில் முதல் பயணம் போனது. டிஸ்னி விஷ், ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் உள்ள மேயர் வெர்ஃப்ட் தளத்தில் உருவாகி 2022 ஜூலையில் முதல் பயணம் கிளம்பியது. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 1,44,000 டன். அறைகள் 1,254. நிறைந்தால் பயணிகள் மட்டும் 4,000 பேர். மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்களாகப் பஹாமாஸ் போய்வருகிறது. சூதாட்டக் கூடம் இல்லை. பெரிய சொகுசுக் கப்பல்களுக்குச் சூதாட்டம் நல்ல வருமானம். அதை இவர்கள் தொடக்கத்திலிருந்தே வேண்டாம் என்று வைத்திருப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

ஏறும்போது வாசலில் உங்கள் குடும்பப் பெயரைக் கேட்டு, ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்லி வரவேற்கிறார்கள். ஊழியர்கள் கைதட்டுகிறார்கள். உள்ளே மூன்று தள உயரமுள்ள பெருங்கூடம், நடுவில் சிண்ட்ரெல்லாவின் வெண்கலச் சிலை. இதுவரை எல்லாம் விளம்பரத்தில் பார்த்த மாதிரியேதான் இருக்கும்.

நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த விஷயம். இந்தக் கப்பலில் எதிர்பார்ப்பை மிஞ்சி நிற்பவை, விளம்பரப் படத்தில் வராத சங்கதிகள்.

அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அறைகளில் கழிப்பறை தனி, குளியலறை தனி. இரண்டிலும் கை கழுவும் தொட்டி உண்டு. நால்வர் தங்கும் சின்ன அறையில் காலை ஏழு மணிக்கு ஒருவர் குளிக்க, இன்னொருவர் கழிப்பறைப் பக்கத்துத் தொட்டியில் பல் துலக்கலாம். கட்டிலை உயர்த்திப் போட்டிருப்பதால் பெட்டிகளெல்லாம் அடியில் போய்விடுகின்றன. பெரியவர்கள் கட்டிலுக்கும் பிள்ளைகள் படுக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான திரை. குழந்தை தூங்கிய பிறகு விளக்குப் போட்டு ஒரு புத்தகம் படிக்க முடிகிறது. பிள்ளைகளோடு விடுதியில் தங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது சாப்பாடு. கப்பலில் மூன்று பெரிய உணவகங்கள். ஒன்றின் பெயர் 1923, டிஸ்னி நிறுவனம் தொடங்கிய ஆண்டு. சுவரெல்லாம் கார்ட்டூன் படங்களுக்காக வரைந்த கோட்டோவியங்கள். இன்னொன்றில் ஃப்ரோசன் படத்தின் அன்னாவுக்கு நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. சாப்பிடுகிற நாம்தான் விருந்தினர். மூன்றாவது மார்வெல் வீரர்களுக்கானது. ஒவ்வோர் இரவும் ஓர் உணவகம் என்று நாம் மாறுகிறோம். நமக்குப் பரிமாறுகிறவர்களும் நம்மோடு மாறிக்கொண்டே வருகிறார்கள். முதல் நாள் இரவு, தம்பிக்கு மிளகு ஆகாது, பாட்டி முட்டை கலந்தது தொடமாட்டார் என்று சொல்லிவிட்டால் போதும். மறுநாள் வேறு உணவகத்தில் உட்கார்ந்தாலும் அது நினைவில் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் மூன்று நாளும் ஒரே பெரியப்பா பந்தியைக் கவனித்துக்கொண்டால் யார் இலைக்கு எது வேண்டும் என்று தானாகத் தெரிந்திருக்குமே, அந்த நிம்மதி இங்கே கிடைக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மெனு அட்டையில் இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் இந்தியச் சாப்பாடு வேண்டும் என்று கேளுங்கள். பருப்பு, காய்கறி, பனீர், சோறு, ரொட்டி என்று மறுநாளிலிருந்து செய்து தருவது இந்தக் கப்பல்களில் வழக்கமாகவே இருக்கிறது. கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் கேட்டால்தான் வரும்.

பிள்ளைகளுக்கான கிளப் இன்னொரு பெரிய ஏற்பாடு. மூன்று வயது முதல் பத்து வயது வரை, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைக் கட்டணமின்றி விட்டுவிட்டு வரலாம். கையில் ஒரு பட்டை மாட்டுகிறார்கள். அடையாளம் சரிபார்க்காமல் யாரிடமும் பிள்ளையை அனுப்புவதில்லை. வாசலில் கை நுழைத்தால் தானே கழுவிவிடும் இயந்திரம் இருக்கிறது. அதற்காகவே இரண்டாம் தடவை கை கழுவ வருகிற பிள்ளைகள் உண்டு. பெருங்கூடத்திலிருந்து கிளப்புக்குள் சறுக்கிக்கொண்டே போவதற்கு ஒரு சறுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். பதினொரு வயது முதல் மேற்பட்டவர்களுக்குத் தனிக் கூடங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் காப்பகம் உண்டு, அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். டயப்பர் போட்ட குழந்தைகளை நீச்சல்குளத்தில் இறக்கவும் விடுவதில்லை, அவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஓர் இடம் மட்டும்தான். இந்த வயதுக் கணக்கை மனதில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

எதிர்பார்ப்புக்குக் கீழே நிற்பவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது, தண்ணீர். கடலில் போகிற கப்பலில் நீந்த இடம் குறைவு. ஒரே பெரிய குளத்துக்குப் பதிலாகப் படிப்படியாகச் சின்னச் சின்னக் குளங்களாகக் கட்டியிருக்கிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். நான்காயிரம் பேர் இருக்கிற கப்பலில், கடலிலேயே கழியும் நாளின் நண்பகலில் அங்கே நீந்த முடியாது, நிற்கத்தான் முடியும். கப்பலைச் சுற்றி முழு வட்டமாக நடந்துவரத் தொடர்ச்சியான தளமும் இல்லை. கடல் பார்த்து நடக்க விரும்புகிறவருக்கு இது உண்மையான குறை. இந்தக் கப்பல் தன் பயணிகளை உள்ளே அழைத்தபடியே இருக்கிறது. நாடகம், திரைப்படம், வேடமிட்ட பாத்திரங்கள், புகைப்படம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வெளியே அட்லாண்டிக் நீலமும் பச்சையுமாக மாறுவதைப் பார்க்க நாமேதான் நேரம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, வரிசை. இளவரசிகளைச் சந்திக்கத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்கள் கூடுகிற நிகழ்ச்சிக்கு முன்பதிவு வேண்டும், அதைக் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே இணையத்தில் செய்ய வேண்டும். தெரியாமல் ஏறினால், பிள்ளை கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது.

மூன்றாவது, செலவு. அதே துறைமுகத்திலிருந்து அதே பஹாமாஸுக்கு அதே எண்ணிக்கை இரவுகள் போகிற வேறு கப்பல்களை விட இங்கே கட்டணம் கணிசமாகக் கூடுதல். பள்ளி விடுமுறைக் காலத்தில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சாப்பாடு, குளிர்பானம், நாடகம், பிள்ளைகள் கிளப் எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். மதுவகை, இணையம், பெரியவர்களுக்கான தனி உணவகம், சிறுமிகளுக்கு இளவரசி அலங்காரம், புகைப்படத் தொகுப்பு ஆகியவை தனி. டிப்ஸ், குழந்தைகள் உட்பட, தலைக்கு இரவுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறும். பட்ஜெட் போடும்போது இதைச் சேர்த்தே போடுங்கள்.

மறுநாள் காலை கப்பல் நாசோ நகரை அடைகிறது. அதுதான் பஹாமாஸின் தலைநகரம். பஹாமாஸ் 1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்ற நாடு. கப்பல் பதிவாகியிருப்பதும் இங்கேதான். பயணிகளில் பலர் இறங்குவதே இல்லை. கப்பல் காலியாக இருக்கும், குளத்தில் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. என் பேச்சைக் கேட்கிறவர்கள் தயவுசெய்து இறங்குங்கள். துறைமுகத்திலிருந்து மேட்டில் இருபது நிமிடம் நடந்தால் ராணியின் படிக்கட்டு என்ற இடம் வரும். சுண்ணாம்புப் பாறையைச் செங்குத்தாக வெட்டி இறக்கிய பள்ளம், அதன் முனையில் மேலேறும் படிகள். வெட்டியபோது அறுபத்தாறு, அடிப்படி ஒன்று தளம் போட்டதில் மறைந்துபோனதால் இப்போது அறுபத்தைந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கையாலேயே கொத்திய படிகள் இவை. பின்னால் விக்டோரியா ராணியின் பெயரை வைத்தார்கள். இருபுறமும் பாறைச் சுவர் ஓங்கி நிற்கிறது, கோடாரி பட்ட தடங்கள் தெரிகின்றன, உள்ளே காற்று குளிர்ந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போய், இதை வெட்டியவர்களுக்குக் கூலி கிடையாது என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கேட்கப்போகும் கேள்விகளுக்காகவே இந்த நாசோ நிறுத்தம் தேவை. திரும்பும் வழியில், உயிருள்ள சங்கை உடைத்து, சதையை நறுக்கி, எலுமிச்சையும் மிளகாயும் வெங்காயமும் கலந்து தருகிற கடைகள் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் விட்டுவிடக் கூடாது.

அதற்கடுத்த நாள் தீவு. காஸ்டவே கே என்பது டிஸ்னி வைத்த பெயர், பழைய பெயர் கோர்டா கே. ஒரு காலத்தில் போதைப்பொருள் கடத்துகிறவர்களின் விமானங்கள் இங்கே வந்து இறங்கின. அந்த ஓடுபாதை இப்போதும் இருக்கிறது. அதன் மேல் பயணிகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். தீவு ஏறக்குறைய 1,000 ஏக்கர், அதில் கட்டடமும் கடற்கரையுமாகச் சீர்செய்தது சிறு பகுதிதான். கப்பல் நேராகவே துறையில் வந்து நிற்பதால் சிறு படகுக்கு மாற வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ள பாட்டி தயங்காமல் இறங்கலாம். மணலில் ஓடக்கூடிய பெரிய சக்கரம் வைத்த நாற்காலிகள் இருக்கின்றன, முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும். மதியச் சாப்பாடு, நிழற்குடை, சாய்வு நாற்காலி எல்லாம் கட்டணத்தில் அடக்கம். நீர் இடுப்பளவு ஆழத்திலும் பாதம் தெரிகிற தெளிவு. ஒரு சின்னத் தபால் நிலையமும் உண்டு, பஹாமாஸ் தபால்தலை ஒட்டி ஊருக்குக் கடிதம் போடலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் தனிக் கடற்கரை ஒன்று, இரைச்சலே இல்லாதது. கப்பலுக்குள் நெரிசல் தெரிந்தவர்களுக்கும் அன்று அது மறந்துபோகும். பயணம் முழுவதிலும் இந்த ஒரு நாள்தான் கொடுத்த காசுக்கு முழுப் பதில் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: குளிர்கால மாதங்களில் காற்று பலமாக இருந்தால் கப்பல் அந்தத் துறையில் நுழைய முடியாமல் தீவைத் தவிர்த்துவிடுவது உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம்.

நம் நேயர்களில் பலருக்கு புளோரிடா தூரம். சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்ட டிஸ்னி அட்வென்சர் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அது விஷ் கப்பலைவிட மிகப் பெரியது, 2,08,000 டன். வேறொரு நிறுவனத்துக்காக ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டி முடியாமல் நின்றிருந்ததை டிஸ்னி 2022இல் வாங்கி மாற்றியமைத்தது. அதற்கு அறிவித்த மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் கடலிலேயே சுற்றித் திரும்புபவை. நான் மெச்சிச் சொன்ன தீவு அங்கே கிடையாது. மிக்கிக்காகப் போகிற குடும்பத்துக்கு அது போதும். கடற்கரைக்காகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

புளோரிடாவுக்கே போகிறவர்கள் கவனிக்க: கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியேறித் திரும்ப அமெரிக்காவுக்குள் வருகிறது. ஆகவே அமெரிக்க விசா தேவைப்படுகிறவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா கட்டாயம். பஹாமாஸின் விதிகளையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவமனையில் வைத்தியம் இலவசம் இல்லை, பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இனி என் தீர்ப்பு. நான்கு வயதிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிற வீடு, அதிலும் தாத்தா பாட்டியோடு சேர்ந்து போகிற வீடு என்றால், செலவு கூடினாலும் இந்தப் பயணம் எதிர்பார்ப்பைக் காப்பாற்றுகிறது. கைக்குழந்தை இருக்கிறது என்றால் மூன்று வருடம் பொறுத்திருங்கள். அதுவரை சேர்க்கிற பணமும் உதவும். பிள்ளைகள் இல்லாமல் கடலுக்காக மட்டும் போகிற தம்பதிகள் வேறு கப்பலைப் பாருங்கள். போகிறவர்கள் நாசோவில் கட்டாயம் இறங்குங்கள், முதல் இரவே சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், இளவரசிகளுக்கான முன்பதிவை மறந்துவிடாதீர்கள்.