தபால் வாக்கின் செலவு யாருடையது?

கட்கியில் பணிபுரியும் தமிழ்ப் படைவீரர் ஒருவர் திருநெல்வேலித் தொகுதி வாக்காளர் என்று கொள்வோம். தேர்தல் வந்தால் அவர் ஊருக்கு ஓட வேண்டுவதில்லை. வாக்குச் சீட்டே அவரை நாடி வருகிறது. இவ்வசதிக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார்?

மக்களவைத் தேர்தல் மட்டும் நடக்குமாயின் செலவு மத்திய அரசினுடையது. சட்டமன்றத் தேர்தல் மட்டுமாயின் அந்த மாநில அரசினுடையது. இரண்டும் ஒருங்கே நடப்பின் சரிபாதி. எனவே தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் இவருடைய வாக்கு மராட்டிய மண்ணில் பதிவானாலும், அத்தேர்தலின் செலவு தமிழ்நாட்டுக் கருவூலத்தையே சாரும். வாக்காளரோ உறையின்மீது தபால்தலை ஒட்ட வேண்டுவதில்லை. வாக்குரிமைக்குக் கட்டணம் இல்லை என்னும் கொள்கை, இந்தச் சிறு உறையிலும் காக்கப்படுகிறது.

2016 முதல் சீட்டு மின்வழியே அனுப்பப்படுகிறது. போகும் வழியில் நாட்கள் மிச்சம். ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. படைப்பிரிவில் கணிப்பொறியும் அச்சுப்பொறியும் தாளும் உறையும் வேண்டும். உறுதிமொழியில் சான்றொப்பமிட அதிகாரி வேண்டும். தொகுதியிலோ, திரும்பி வரும் உறைகளின் குறியீட்டைச் சரிபார்க்கக் கருவிகளும் பயின்ற ஊழியரும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்து உறை தாமதித்தாலும் பயனில்லை. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேராத சீட்டு எண்ணப்படுவதில்லை.

2019 மக்களவைத் தேர்தலில் மின்வழியே சென்ற சீட்டுகள் சுமார் 18 லட்சம். திரும்பி வந்தவை 10 லட்சத்து 84 ஆயிரம். வாராதவை அனைத்தும் வசதிக் குறைவால் நின்றன என்று கூறுவது நேர்மையாகாது. வாக்களிக்க விரும்பாதாரும் இருப்பர். ஆயினும் விரும்பியவர் ஒருவருடைய சீட்டு ஒரு தாள் இன்மையால் நின்றுபோகுமாயின், அது சிக்கனம் அன்று. உரிமை இழப்பே ஆகும்.

1869இல் நிறுவப்பெற்ற கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைக்கும் நம்மவருக்கு, வெளிமாநிலத்தில் வாழ்கிறோம் என்ற காரணத்தால் மட்டும் இவ்வசதி கிட்டாது. புலம்பெயர்ந்தோர் தாம் வாழும் இடத்திலிருந்தே வாக்களிக்கத் தக்க இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன்வைத்தது; அவற்றுள் பல ஐயங்களை எழுப்பின. அத்தகைய வழி திறக்கும்வரை காத்திராமல், இங்கேயே நிலையாக வாழ்வோர் 8ஆம் எண் படிவத்தால் பெயரை இவ்வூர்ப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பொதுப் பணத்தால் நடக்கும் தேர்தலில் நம் பங்கு வெறுமனே கிடக்கலாகாது.