ஃபார்மட் செய்வதற்கு முன்



வீட்டுக் கணினி வேலையின் நடுவே அசையாமல் நின்றுவிட்டால் பெரும்பாலோர் முதலில் மௌசை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பிறகு மின் பொத்தானை அமுக்கிப் பிடித்து நிறுத்துவார்கள். இரண்டு வாரமாகியும் சரியாகாவிட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே பல வேளைகளில் கிடைக்கும் பதில், “ஃபார்மட் போட்டுத் தருகிறோம்” என்பதுதான். மறுநாள் கணினி புதுசு போலத் திரும்பி வரும். தீபாவளிப் படங்களும், மகளின் கல்லூரிக் கட்டுரையும், காலமான பாட்டி பேரனோடு பேசிய ஒளிப்பதிவும் அதில் இருக்கமாட்டா. போதாக்குறைக்குப் பத்தாவது நாள் அதே கணினி மீண்டும் நின்றுவிடும்.

ஃபார்மட் என்பது பயனில்லாத வைத்தியம் அன்று. விண்டோஸ் கெட்டிருந்தாலோ வைரஸ் புகுந்திருந்தாலோ அதனால் பலன் உண்டு. ஆனால் ரேம் பழுதுக்கும், வன்தட்டின் தேய்மானத்துக்கும், தூசி அடைத்த விசிறிக்கும் அது மருந்தாகாது. நோய் எதுவென்று தெரியாமல் கொடுக்கும் மருந்து அது. அதற்கு விலையாகப் போவது குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பு.

கணினி நின்றவுடன் விசைப்பலகையில் நம் லாக் அல்லது கேப்ஸ் லாக் விசையை அமுக்கிப் பார்க்கலாம். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு மென்பொருள்தான் வழியை மறித்து நிற்கிறது என்று கொள்ளலாம். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த மென்பொருளை மட்டும் மூடிவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையோடு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அமுக்கினால் திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். விளக்கு அசையவே இல்லை என்றால் மின் பொத்தானை விட்டால் வேறு கதியில்லை.

மீண்டும் இயங்கியதும் காரணம் தேடப் புறப்பட்டுவிடக் கூடாது. படங்களையும் கோப்புகளையும் வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகல் எடுப்பதுதான் முதல் வேலை. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

வன்தட்டுக்குள் தகடுகள் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. தரவைப் படிக்கும் முனை அந்தத் தகட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் பருமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில் அது மிதக்கிறது. தகட்டில் ஓர் இடம் பழுதானால் வன்தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டே இருக்கும். பதிலுக்காக விண்டோஸ் காத்திருக்கும். நாற்காலியில் இருப்பவருக்கோ கணினி ‘ஹேங்’ ஆனதாகத் தோன்றும். அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்று, பிறகு ஒன்றும் நடவாதது போலத் தானே ஓடத் தொடங்கினால் வன்தட்டின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். ‘டிக் டிக்’ என்ற ஓசையும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். அந்த நிலையில் ஒவ்வொரு முறை இயக்குவதும் எஞ்சியிருக்கும் ஆயுளைக் கரைப்பதாகும். பழுதைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளை தட்டு முழுவதையும் படிக்கவைக்கும் என்பதால், அதையும் நகலுக்குப் பிறகே ஓட்ட வேண்டும். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் தகடு இல்லை, ஓசையும் இல்லை; சில வேளைகளில் எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும்.

விண்டோஸ் தன் நாட்குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து, சிஸ்டம் பகுதியில் கணினி நின்ற நேரத்தைப் பார்க்கலாம். அங்கே டிஸ்க் என்ற பெயரோடு 7 என்ற எண் இருந்தால் தட்டில் பழுதான இடம் உண்டு என்று பொருள். 41 என்ற எண்ணைக் கண்டு புது மின்வழங்கி வாங்கி ஏமாந்தவர்கள் பலர். கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பொத்தானை அமுக்கி நிறுத்தினாலே அது பதிவாகிவிடும்.

ஒரு நாள் கட்டுரை எழுதும்போது, மறுநாள் பாட்டுக் கேட்கும்போது, இன்னொரு நாள் சும்மா இருக்கும்போது என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் ரேமைச் சோதிக்க வேண்டும். அதற்கு விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. இரண்டு ரேம் பலகைகள் உள்ள மேசைக் கணினியில் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதோடு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

பிள்ளைகள் விளையாட்டு ஆடும்போது மட்டும் தடுமாறினால் சூட்டைப் பார்க்கலாம். சில்லு ஏறக்குறைய 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், முடியாதபோது அணைந்துவிடும். மலேசிய, சிங்கை வெப்பத்தில், மெத்தைமேல் வைத்த மடிக்கணினிக்கு மூச்சு விட வழியேது? தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. எறும்புக் கூட்டமோ பல்லியோ உள்ளே இருந்தால் திடுக்கிட வேண்டாம். கடைக்காரர்களுக்கு அது பழகிய காட்சி.

சேஃப் மோடில் மணிக்கணக்கில் நன்றாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவரோ, தொடக்கத்தில் தானே இயங்கும் மென்பொருளோதான். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கணினியில் மல்லுக்கட்டும் வீடுகளும் உண்டு.

இன்னொரு வகை உறைவும் இருக்கிறது. இணையத்தில் உலவும்போது திரை முழுவதும் எச்சரிக்கை நிறைந்து, ஒலி அலறி, “இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்” என்று வரும். அது கணினியின் பழுது அன்று, மோசடிக்காரரின் வலை. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடினால் போதும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டவர்கள் மலேசியாவில் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், எப்போது நின்றது, எதைச் செய்துகொண்டிருந்தபோது நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. புதிய கணினிகள் பலவற்றில் தட்டு பிட்லாக்கர் பூட்டோடு வருகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதிப் பிறப்புப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கைதேர்ந்த கடைக்காரராலும் படங்களை எடுத்துத் தர இயலாது. வன்தட்டை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கெட்டுப்போனது என்று கடையில் விட்டுவந்த தட்டில்தான் பாட்டியின் குரல் இருக்கிறது.