ஆண்களுக்கு வரும் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருநாவுக்கரசு சுவாமிகள் சூலை நோயால் வருந்தியபோது அதை மூடி மறைக்கவில்லை. சமையற்காரனைத் திருவதிகைக்கு அனுப்பித் தமக்கையார் திலகவதியாருக்குத் தம் நிலையை அறிவித்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. நமது ஊர் ஆண்களோ, நோய் இடுப்புக்குக் கீழே என்றால் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. ஆகையினால்தான் இவ்விஷயத்தைச் சபையிலே எடுத்துக்கொண்டேன்.

மூத்திரப்பைக்குக் கீழே, நீர் இறங்கும் குழாயைச் சுற்றி, நெல்லிக்காயளவில் ஒரு சுரப்பி உண்டு. முன்னிற்குஞ் சுரப்பி என்றும் புரோஸ்டேட் என்றும் சொல்வார்கள். வயது ஏற ஏற இது பலருக்குப் பருக்கின்றது. இரவில் நாலைந்து முறை எழும்புவதும், நீர் தடைப்பட்டு இறங்குவதும் பெரும்பாலும் அதனாலேயே, புற்றுநோயினால் அன்று. ஆனால், எது எதனால் என்பதைத் திண்ணையிலிருந்து தீர்மானிக்க முடியாது. புற்றுநோய் ஆரம்பத்தில் ஓர் அடையாளமும் காட்டாமலும் இருக்கும். வைத்தியர் விரலாற் சோதிப்பார், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்விப்பார். சந்தேகமிருந்தால் ஊசியால் சிறு தசைத்துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள்.

புற்றுநோய்தான் என்று உறுதியானவுடன் வீட்டார் கேட்பது, "எப்போது வெட்டுவது?" என்பதே. முதலிற் கேட்கவேண்டியது, "இது எவ்வகை? எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றது?" என்பதாகும். சுரப்பிக்குள் அடங்கி மெல்ல வளரும் வகையானால், உடனே ஒன்றும் செய்யாமல் காலத்துக்குக் காலம் சோதித்துக் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சை முறையே. பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையான, ஆரம்ப நிலையிற் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 பேரைப் பிரித்து, ஒரு பகுதியாருக்குச் சத்திர சிகிச்சையும், ஒரு பகுதியாருக்குக் கதிர்ச் சிகிச்சையும், மற்றவர்களுக்குக் கவனிப்பும் கொடுத்தார்கள். 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிபின்படி, சுமார் 15 வருடத்தின் பின் எந்தப் பகுதியிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை. கவனிப்பில் இருந்தோரிற் பலர் பின்னர் வேறு சிகிச்சைக்கு மாறினர் என்பதும், அப்பகுதியிலே நோய் பரவியவர் அதிகம் என்பதும் உண்மை. கவனிப்பு என்றால் கிளினிக்குக்குப் போகாமல் இருப்பது என்று யாரும் எண்ணிவிடவேண்டாம்!

சுரப்பியை முழுதாக நீக்கினால் சிலருக்கு நீர் அடக்கமுடியாமையும் ஆண்மைக் குறைவும் ஏற்படும். கதிர்ச் சிகிச்சையால் குடலிலும் மூத்திரப்பையிலும் உபாதை வரலாம், ஆண்மையும் குறையலாம். இவற்றை முன்னரே கேட்டறிவது நோயாளியின் உரிமை. நெல்சன் மண்டேலா 2001 இல், 83 வயதில் கதிர்ச் சிகிச்சை பெற்றார்; தம் நோயையும் உலகறியச் சொன்னார். அவர் காலமானது 2013 இல், 95 வயதில்.

நோய் எலும்புக்குப் பரவிவிட்டால் வழி வேறு. 1941 இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹகின்ஸ் என்னும் வைத்தியர், இந்நோய் ஆண் சுரப்புநீரை உண்டே வளர்கின்றது என்று காட்டினார். 1966 இல் நோபல் பரிசும் பெற்றார். அச்சுரப்புநீரை நிறுத்த இரண்டு வழிகள்: விதைகளை நீக்கும் சிறு சத்திர சிகிச்சை, அல்லது மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி. இரண்டும் ஒரே பலனைத் தருவன. இந்த இடத்திலேதான் நம்மவர் மனம் ஒடிகின்றது. ஆசை குறையும், உடலிற் சூடு எழும், எலும்பு மெலியும், மறைக்கவில்லை. ஆனால் குரல் மாறாது, மனிதன் மாறான். படுக்கையில் முனகிக்கொண்டிருந்தவர் நோவு தணிந்து எழுந்து நடப்பதும் உண்டு. இது நோயை அடக்குவதேயன்றி அடியோடு நீக்குவதன்று. பிறகு தலைதூக்கினாலும், இப்போதெல்லாம் புதிய மாத்திரைகளும் மருந்தேற்றலும் இருக்கின்றன.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாரிநோவு என்றால் அந்தக் காலத்துச் சுமையின் பலன் என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறீர்கள். வயதான ஆணுக்கு இரவும் பகலும் விடாத நாரிநோவு இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். கால்கள் விறைத்துப் பலங்குன்றினால், அல்லது நீர் அடைத்துக்கொண்டால், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். முள்ளந்தண்டு நரம்பு நசுங்கி நாள் கடந்தால் நடை திரும்பாது.

அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமில்லை. நமது திருகோணமலை வைத்தியசாலையிலேயே சோதனையைத் தொடங்கலாம். கதிர்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ, தெல்லிப்பழைக்கோ, மகரகமைக்கோ போகிறவர்களுக்கு, வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் செல்லும். பஸ் கூலியும் தங்குமிடமும், கூடப்போக ஓர் ஆளும் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்கள் இதனாலேயே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சங்கத்து இளைஞர் இருவர் மூவர் முறைவைத்துக் கூடப் போவதென்று ஒரு பட்டியல் எழுதினால் என்ன? சிரமதானத்துக்கு வருகிற கைகள் இதற்கும் வரக்கூடும்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தவர்கள் 45 வயதளவிலேயே வைத்தியரிடம் அதைச் சொல்லிவைக்கவேண்டும். மகனுக்குச் சொல்லாத தகப்பன் இருந்தால், மகன் எதை வைத்துச் சொல்வான்?

கேள்விகளைச் சபையிலே கேட்கலாம். கூசுகிறவர்கள், கூட்டம் கலைந்தபின் வெளி விறாந்தையில் நிற்பேன், வந்து கேளுங்கள்.